கீமோதெரபி சுற்றுகளுக்கு இடையே வீட்டில்: பராமரிக்கும் குடும்பத்தினருக்கான விளக்கம்

கீமோதெரபி எனப்படும் வேதிச்சிகிச்சை பெரும்பாலும் சுற்றுகளாக அளிக்கப்படுகிறது. மருந்து ஏற்றப்படுவது ஒரு நாளோ சில நாள்களோதான்; அதன்பின் உடல் மீள்வதற்கு இடைவெளி விடப்படுகிறது. பல சிகிச்சை முறைகளில் ஒரு சுற்று தொடங்கி அடுத்த சுற்று தொடங்கும் வரை 21 நாள்கள். சிலவற்றில் 14 நாள்கள். சிலருக்கு வாரம் ஒரு முறை. 21 நாள் கணக்கில் 6 சுற்றுகள் என்றால் ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆகும். அந்த நான்கு மாதங்களில் நோயாளி மருத்துவமனையில் கழிப்பவை சில நாள்களே. மற்ற நாள்கள் அனைத்தும் வீட்டில், மனைவி, கணவர், மகள், மகன், மருமகள் ஆகியோரின் பொறுப்பில் கழிகின்றன. இக்கட்டுரை அவர்களுக்காக எழுதப்படுகிறது.

21 நாள்களின் போக்கு

ஒவ்வொரு சுற்றும் ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் செல்வதால், முதல் சுற்றைக் கவனித்துக் குறித்து வைத்தவருக்கு அடுத்தவை புதிராக இரா.

முதல் மூன்று, நான்கு நாள்களில் குமட்டல், வாந்தி, அசதி ஆகியவை மிகுதியாக இருக்கும். வாந்தியைத் தடுக்கும் மாத்திரைகளை வாந்தி வந்த பிறகு கொடுப்பதால் பயன் குறைவு. சீட்டில் எழுதியுள்ள நேரப்படி, குமட்டல் இல்லாவிட்டாலும் கொடுக்க வேண்டும். அவற்றில் சில மலச்சிக்கலை உண்டாக்கும். உடன் தரப்படும் ஸ்டீராய்டு மருந்து சர்க்கரையின் அளவை உயர்த்தும். இரவுத் தூக்கத்தையும் கெடுக்கும். நீரிழிவு உள்ளவருக்கு அந்நாள்களில் வழக்கத்தைவிட அடிக்கடி சர்க்கரை அளவைப் பரிசோதிக்க வேண்டும். டாக்சோரூபிசின் என்னும் சிவப்பு நிற மருந்து ஏற்றப்பட்டிருந்தால், ஓரிரு நாள்கள் சிறுநீர் சிவந்து போகும். அது இரத்தமன்று. ஆக்ஸாலிபிளாட்டின் பெற்றவருக்குக் குளிர்ந்த நீரைத் தொட்டாலே விரல்களில் மின்சாரம் பாய்வது போன்ற கூச்சம் ஏற்படலாம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த எதையும் அவர் கையில் கொடுக்காதீர்கள்.

ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை உள்ள காலம் தனிக்கவனத்திற்குரியது. இந்நாள்களில் இரத்த வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். குமட்டல் நின்று, பசியும் திரும்பி, நோயாளி தெளிவாகத் தெரிவதும் இக்காலத்தில்தான். "நன்றாகத்தானே இருக்கிறார்" என்று குடும்பம் சற்று ஓய்வு கொள்ளும் நாள்களும், தொற்று அபாயம் உச்சத்தில் இருக்கும் நாள்களும் ஒன்றாக அமைவது இச்சிகிச்சையின் இயல்பு. நாட்காட்டியில் அந்நாள்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள்.

மூன்றாம் வாரத்தில் அணுக்கள் பெரும்பாலும் மீண்டுவிடும். தலைமுடி உதிரத் தொடங்குவது முதல் மருந்திற்குப் பின் இரண்டு, மூன்று வாரங்களில். தலையணையில் கற்றையாக முடி கிடப்பதைப் பார்ப்பது நோயாளிக்கு எளிதன்று. முன்னரே முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்வது பலருக்கு அந்த அதிர்ச்சியைக் குறைத்திருக்கிறது. சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலானோருக்கு முடி மீண்டும் வளரும்.

காய்ச்சல்: விடியும் வரை காத்திருத்தல் கூடாது

இக்கட்டுரையில் ஒரு பகுதியை மட்டுமே படிக்க நேரம் உள்ளவர் இப்பகுதியைப் படிக்கட்டும்.

கீமோதெரபி பெறுபவருக்கு உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் அளவை எட்டினால் அது அவசர நிலை. எந்த நேரமாயினும், அவர் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்த உடலில் கிருமி நுழைந்தால் சீழோ வீக்கமோ சளியோ தோன்றாமல் இருக்கலாம். அவற்றை உண்டாக்குபவையே வெள்ளணுக்கள்தான். எனவே காய்ச்சலே ஒரே அடையாளமாக அமையக்கூடும். இத்தகைய நோயாளி மருத்துவமனையை அடைந்த ஒரு மணி நேரத்திற்குள் நரம்பு வழியே ஆன்டிபயாடிக் தொடங்கப்பட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தம் மனைவியை அதிகாலையில் அழைத்து வந்தார். இரண்டாம் சுற்று முடிந்து பத்தாம் நாள். முந்தைய இரவு பத்து மணிக்கே காய்ச்சல் 101. பாராசிட்டமால் கொடுத்திருக்கிறார், காய்ச்சல் இறங்கியிருக்கிறது, மனைவியும் உறங்கியிருக்கிறார். மருத்துவமனை என்றாலே அஞ்சும் அவரை நள்ளிரவில் எழுப்பி அலைக்கழிக்க வேண்டாம், விடியட்டும் என்று எண்ணியிருக்கிறார். அந்த எண்ணத்தில் அலட்சியம் ஏதுமில்லை, அன்புதான் இருந்தது. எங்களிடம் வந்தபோது அம்மையாரின் கைகால்கள் குளிர்ந்திருந்தன. இரத்த அழுத்தம் மிகத் தாழ்ந்திருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள்கள் இருந்து அவர் மீண்டார். இந்நிலையில் வருவோர் அனைவரும் மீள்வதில்லை.

ஆகவே, வெப்பத்தை அளந்து பார்க்கும் முன் பாராசிட்டமால் கொடுக்க வேண்டாம். அது காய்ச்சலை மறைக்குமேயன்றித் தொற்றைக் குறைக்காது. வீட்டில் ஒரு டிஜிட்டல் வெப்பமானி கட்டாயம் இருக்க வேண்டும். வாயிலோ அக்குளிலோ வைத்து அளக்கலாம். ஆசனவாயில் வைத்து அளப்பதும் எனிமா கொடுப்பதும் கூடாது. கையை நெற்றியில் வைத்துப் பார்த்து முடிவு செய்வது நம்பகமான முறையன்று. காய்ச்சல் இல்லாமல் நடுக்கம் மட்டும் வந்தாலும் அதே அவசரம்தான்.

புற்றுநோய் மருத்துவமனை தொலைவில் இருந்தால், முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கே சொல்ல வேண்டிய சொற்றொடர் இதுதான்: "இவர் கீமோதெரபி எடுத்து வருகிறார், இன்று இத்தனையாவது நாள், காய்ச்சல் இவ்வளவு." வெறுமனே "காய்ச்சல்" என்று சொன்னால் வரிசையில் அமர வைக்கப்படக்கூடும். மருத்துவமனை தந்த சிகிச்சைச் சுருக்கத்தின் நகலைத் தனி உறையில் போட்டுக் கதவருகே மாட்டி வையுங்கள். இரவில் தேடும் வேலை மிச்சம்.

காய்ச்சலைத் தவிர, பின்வருவனவற்றுக்கும் அன்றே மருத்துவரை நாட வேண்டும்:

- ஈறு, மூக்கு ஆகியவற்றில் இரத்தக் கசிவு. தோலில் சிவப்புப் புள்ளிகள். கருமை நிற மலம்
- ஒரு நாளில் வழக்கத்தைவிட நான்கு முறைக்கு மேல் வயிற்றுப்போக்கு
- நீர்கூடத் தங்காத வாந்தி, அல்லது வாய்ப்புண்ணால் விழுங்க இயலாமை
- மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம்
- மருந்து ஏற்றிய இடத்தில் எரிச்சல், சிவத்தல், வீக்கம் (சில நாள்கள் கழித்துத் தோன்றினாலும்)
- குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத உறக்கம்

ஊசியும் மாத்திரையும் நாட்டு மருந்தும்

உடல்வலி, அசதி என்று அருகில் உள்ள ஒருவரிடம் "ஒரு ஊசி போட்டுக்கொண்டு" வரும் வழக்கம் நம்மிடையே உண்டு. கீமோதெரபி காலத்தில் அது ஆபத்தானது. இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கையில் இடுப்புத் தசையில் போடும் ஊசி உள்ளே இரத்தக் கட்டை உண்டாக்கும். அக்கட்டு சீழாகவும் மாறும். ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபன் போன்றவற்றையும் மருத்துவரைக் கேளாமல் தரலாகாது. இதய நோய்க்காக முன்பிருந்தே ஆஸ்பிரின் எடுப்பவர் தாமாக நிறுத்தவும் கூடாது. சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

சிலருக்கு வெள்ளணுக்களை உயர்த்தும் ஃபில்கிராஸ்டிம் என்னும் ஊசி மருந்தைப் புற்றுநோய் மருத்துவமனையிலேயே கொடுத்து அனுப்புவார்கள். இது தோலுக்கு அடியில் போடப்படுவது. சிகிச்சைச் சுருக்கத்தைக் காட்டி, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ள இயலுமா என்று முன்னதாகவே கேட்டு வையுங்கள். இம்மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர்நிலையில் இருக்க வேண்டும், உறைந்துவிடவும் கூடாது. பனிக்கட்டிக்குள் புதைத்துக் கொண்டுவந்து உறைந்துபோன குப்பிகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன். துணியில் சுற்றி, பனிக்கட்டி நேரடியாகப் படாதவாறு கொண்டு வாருங்கள். இந்த ஊசிக்குப் பின் இடுப்பிலும் முதுகிலும் எலும்பு வலி வருவது இயல்பு. நோய் பரவிவிட்டதோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

நாட்டு மருந்து குறித்துப் பலரும் எங்களிடம் மறைக்கிறார்கள். திட்டுவார்கள் என்ற அச்சம் காரணம். அவ்வாறு திட்டியவர்களும் எங்களிடையே இல்லாமல் இல்லை. பப்பாளி இலைச் சாறு, பெயர் தெரியாத லேகியம், உறவினர் வாங்கி வந்த பொடி என எதுவானாலும், கீமோதெரபி மருந்துகள் வெளியேறும் அதே ஈரலையும் சிறுநீரகத்தையுமே சாரும். அடுத்த சுற்றுக்கு முன் ஈரல் பரிசோதனை மாறுபட்டிருந்தால், காரணம் தெரியாமல் மருத்துவர் மருந்தின் அளவைக் குறைக்கவோ சுற்றைத் தள்ளிவைக்கவோ நேரும். கொடுத்திருந்தால் சொல்லிவிடுங்கள். கொடுக்க விரும்பினால் முன்னதாகக் கேளுங்கள்.

உணவு

பத்தியம் என்ற பெயரில் முட்டை, மீன், பால், பருப்பு என ஒவ்வொன்றாக விலக்கி, இறுதியில் கஞ்சியும் ரசமும் மட்டுமே மிஞ்சும் வீடுகள் பல. புற்றுநோய்ச் சிகிச்சையில் உடல் எடை குறைவது சிகிச்சையைத் தாங்கும் ஆற்றலைக் குறைக்கும். இக்காலத்தில் மிகவும் தேவைப்படுவது புரதம். நன்கு வேகவைத்த முட்டை, மீன், கோழி, பருப்பு, சுண்டல், பால், வேர்க்கடலை ஆகியவற்றில் எது பிடிக்கிறதோ அது. சர்க்கரையை முற்றிலும் நிறுத்தினால் கட்டி பட்டினியாகிச் சுருங்கிவிடும் என்பது உண்மையன்று.

சமைத்த உணவைச் சூடாகவே கொடுங்கள். பழங்களில் நன்கு கழுவித் தோலுரித்து உண்ணக்கூடியவை ஏற்றவை. பழைய சோறு பலருக்கும் மனத்துக்கு நெருக்கமான உணவு. எனினும் இரவு முழுவதும் அறை வெப்பத்தில் இருந்த உணவை வெள்ளணுக்கள் குறைந்த நாள்களில் தவிர்ப்பதே நல்லது. கடைச் சட்னி, கையேந்திபவன் உணவு, தெருவில் விற்கும் வெட்டிய பழம் ஆகியவையும் அவ்வாறே.

வாயில் புண் வந்தால் காரம், புளிப்பு, முறுக்கு போன்ற கடினமான பண்டங்கள் ஆகியவற்றை நிறுத்தி, தயிர்சாதம், குழைந்த இட்லி, ராகிக் கூழ், இளஞ்சூட்டுப் பாயசம் ஆகியவற்றைத் தரலாம். ஒரு டம்ளர் நீரில் கால் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து, நாளொன்றுக்கு நான்கைந்து முறை வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள். மென்மையான பல்துலக்கியே வேண்டும். வேப்பங்குச்சியும் கரித்தூளும் வேண்டாம்.

நாவின் சுவை மாறிவிடுவதால் நேற்று விரும்பிய உணவை இன்று தட்டிவிடுவார். சமைத்தவருக்கு அது வேதனை தரும். சிறிய கிண்ணத்தில் இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். எதிரில் அமர்ந்து ஒவ்வொரு கவளத்தையும் எண்ணிக்கொண்டிருந்தால் உணவு நேரமே இருவருக்கும் சண்டை நேரமாகிவிடும்.

வீட்டில் தூய்மையும் தேவையற்ற அச்சங்களும்

புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் உண்பதாலோ ஒரே பாயில் படுப்பதாலோ பரவாது. உடலுக்கு வெளியிலிருந்து கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர் உடலில் கதிரியக்கம் தங்குவதில்லை. அவர் பேரக்குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் பெற்றவர் மட்டுமே சில நாள்கள் விலகி இருக்க வேண்டும். அதற்கான அறிவுரையை மருத்துவமனையே தரும்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. மருந்து ஏற்றிய பின் 48 மணி நேரம் வரை அதன் எச்சம் சிறுநீர், மலம், வாந்தி ஆகியவற்றில் வெளியேறும். அவற்றைத் துப்புரவு செய்பவர் கையுறை அணிய வேண்டும். கழிவறையில் இருமுறை நீர் ஊற்ற வேண்டும். கறைபட்ட துணிகளைத் தனியே துவைக்க வேண்டும். கருவுற்ற பெண்கள் இவ்வேலையைச் செய்யலாகாது. அந்நாள்களில் தாம்பத்திய உறவின்போது ஆணுறை தேவை; சிகிச்சைக் காலம் முழுவதும் கருத்தரிப்பைத் தவிர்ப்பதும் கட்டாயம். இதனைக் கேட்கக் கூச்சப்பட்டுப் பலர் கேளாமலே விட்டுவிடுகின்றனர்.

வீட்டிலுள்ள குழந்தைகளுக்குத் தடுப்பூசிகள் தவறக்கூடாது. போலியோ சொட்டு மருந்து பெற்ற குழந்தையின் மலத்தில் சில வாரங்கள் அந்த வைரஸ் வெளியேறும் என்பதால், வீட்டில் கீமோதெரபி பெறுபவர் இருப்பதைக் கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். குழந்தையைக் கழுவிவிடும் பணியை நோயாளி செய்ய வேண்டாம். வீட்டில் எவருக்கேனும் அம்மை கண்டால், நோயாளிக்கு ஒன்றும் தோன்றாத நிலையிலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பார்வையாளர்களைப் பற்றி ஒரு சொல். நலம் விசாரிக்க வருவது நம் பண்பு. ஆயினும் ஏழு முதல் பதினான்காம் நாள் வரை கூட்டம் வேண்டாம். "மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்" என்று எங்கள் மேல் பழியைப் போட்டுவிடுங்கள். அதற்காகவும்தான் நாங்கள் இருக்கிறோம்.

சொல்வதா, மறைப்பதா

"அவரிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டார்" என்று அறைக்கு வெளியே நின்று கேட்காத குடும்பம் அரிது. ஆனால் நோயாளி அறியாமல் இருப்பது பெரும்பாலும் இயலாதது. அடையாறு என்றோ காரப்பேட்டை என்றோ பேருந்தில் சொன்னாலே எதற்காகப் போகிறோம் என்று உடன் பயணிப்பவருக்கே தெரிந்துவிடுகிறது. தமக்குத் தெரியும் என்பதை வீட்டார் அறிந்தால் வருந்துவார்களே என்று நோயாளி மறைக்க, அவருக்குத் தெரிந்துவிடுமே என்று வீட்டார் மறைக்க, ஒரே கூரையின் கீழ் ஒருவரையொருவர் காப்பதாக எண்ணி இருவரும் தனித்துப் போகின்றனர்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்ல வேண்டும் என்பதில்லை. "உங்களுக்கு என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?" என்று கேட்டு, கேட்டதற்கு மட்டும் பொய்யின்றி விடை சொன்னால் போதும். சிலர் அனைத்தையும் அறிய விரும்புவர். சிலர் "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்பர். இரண்டும் அவரவர் உரிமை. காய்ச்சல் வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்பதன் காரணத்தை அறியாத நோயாளி, காய்ச்சலையும் மறைத்துவிடுவார் என்பதை நினைவிற்கொள்க.

குழந்தைகளுக்கும் ஏதோ நடக்கிறது என்பது தெரியும். "அம்மாவுக்கு உடம்பில் ஒரு கட்டி, மருந்தினால் முடி கொட்டும், நீ செய்த எதனாலும் இது வரவில்லை" என்ற அளவில் சொல்லலாம். கடைசி வாக்கியம் முக்கியமானது. தாம் பிடிவாதம் பிடித்ததால்தான் அம்மாவுக்கு நோய் வந்தது என்று எண்ணும் பிள்ளைகள் உண்டு.

வலி

வலியைப் பொறுத்துக்கொள்வது சிகிச்சைக்கு உதவுவதில்லை. மருத்துவர் மார்ஃபின் மாத்திரை எழுதினால், அது இறுதிக் கட்டம் என்பதற்கான அறிவிப்பு என்றோ, அடிமையாக்கிவிடும் என்றோ எண்ணிப் பாதி கொடுத்துப் பாதியை ஒளித்து வைக்க வேண்டாம். புற்றுநோய் வலிக்கு மருத்துவர் குறித்த அளவிலும் நேரத்திலும் கொடுக்கையில் அடிமைத்தனம் ஏற்படுவது அரிது. மலச்சிக்கல் உறுதியாக வரும். அதற்கான மருந்தையும் உடன் கொடுக்க வேண்டும். வலித் தணிப்புச் சிகிச்சை நோயின் எக்கட்டத்திலும் பெறத்தக்கது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், நடமாட இயலாதவர்களுக்கு வீட்டிலேயே இச்சேவை வழங்கப்படுகிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

பராமரிப்பவரின் உடல்நிலை

தாயாருக்கு வெள்ளணு ஊசி போட நாள்தோறும் அழைத்து வந்த ஒரு மகளின் முகம் வெளிறியிருந்ததைக் கண்டு, ஒரு நாள் அவருக்கும் இரத்த அழுத்தம் பார்த்தேன். 180/110. தம் மாத்திரையை நிறுத்தி மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. நேரமில்லை என்றார். அவர் சாய்ந்துவிட்டால் தாயாரை யார் அழைத்து வருவார் என்று கேட்டபோதுதான் முதன்முறையாக அழுதார். அதன்பிறகு, நோயாளியுடன் வருபவருக்கும் அளந்து பார்ப்பதை எங்கள் செவிலியர்கள் வழக்கமாக்கிக்கொண்டனர்.

பராமரிப்புச் சுமை பெரும்பாலும் வீட்டின் ஒரே பெண்ணின் மேல் விழுகிறது. மற்றவர்கள் தொலைபேசியில் அறிவுரை வழங்குகின்றனர். உறவினர்கள் "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்று சொல்லாமல், குறிப்பாக ஒரு வேலையைக் கேளுங்கள்: புதன்கிழமை பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருதல், ஒரு வேளை சமையல், வாரம் ஒரு இரவு துணையிருத்தல். மருத்துவமனைக்கு உடன் செல்பவர் ஒருவராகவே இல்லாமல் இருவர் மாறி மாறிச் செல்லலாம். மருந்து, வெப்பநிலை, மருத்துவர் சொன்னவை ஆகிய யாவும் ஒரே குறிப்பேட்டில் எழுதப்பட்டிருந்தால் இது எளிது.

நோயாளியின் மேல் எரிச்சல் வரும். இது எப்போது முடியும் என்ற எண்ணமும், அந்த எண்ணம் வந்ததற்காகக் குற்றவுணர்வும் வரும். இவை அன்பில்லாமையின் அடையாளங்கள் அல்ல. நெடுநாள் களைப்பின் விளைவுகள். ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஆகியவை தொடர்ந்தால், அது சிகிச்சை தேவைப்படும் நிலை. டெலி மானஸ் என்னும் இலவச மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

செலவும் பயணமும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். கீமோதெரபியும் கதிர்வீச்சும் இதில் அடங்கும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றின் நகல்களை ஒன்றாக வையுங்கள். நகையை அடகு வைக்கும் முன் மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுத் திட்ட அலுவலரைப் பாருங்கள். இவ்வரிசையைப் பலர் தலைகீழாகச் செய்கின்றனர்.

புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் மறுபரிசோதனைக்கும் இரயிலில் செல்லும் நோயாளிக்குத் தூங்கும் வசதி வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு. உடன் செல்லும் ஒருவருக்கு அவ்வகுப்புகளில் 75 விழுக்காடு சலுகை. உரிய படிவத்தில் மருத்துவமனையின் சான்று தேவை.

அடுத்த சுற்றுக்கு முன்

குறித்த நாளுக்கு ஓரிரு நாள்கள் முன்னர் இரத்தப் பரிசோதனை செய்யப்படும். அணுக்கள் போதாவிட்டால் சுற்று ஒரு வாரம் தள்ளிப்போகலாம். பயணச்சீட்டும் விடுப்பும் ஏற்பாடு செய்த பின் இது நேர்கையில் குடும்பம் சோர்ந்துபோவது இயல்பே. ஆயினும் உடல் மீளுமுன் மருந்து ஏற்றுவதைவிட இது பாதுகாப்பானது. "சென்ற முறை நன்றாகத்தான் இருந்தார்" என்று மட்டும் மருத்துவரிடம் சொல்லாதீர்கள். எத்தனை நாள் வாந்தி, எத்தனை நாள் உண்ணவில்லை, விரல் மரத்துப்போனதால் சட்டைப் பித்தான் போட இயலவில்லையா, எடை எவ்வளவு குறைந்தது என்பவற்றைக் குறிப்பேட்டிலிருந்து படித்துக் காட்டுங்கள். மருந்தின் அளவு அதைக் கொண்டே திருத்தப்படுகிறது.

நோயாளி "இனி வேண்டாம்" என்று சொன்னால், அதையும் மருத்துவரிடம் அவரே சொல்ல இடம் கொடுங்கள். பல நேரங்களில் அவர் மறுப்பது சிகிச்சையையன்று. கட்டுப்படுத்தப்படாத வாந்தியையோ வலியையோதான். அதற்கு வழியுண்டு.

ஐயங்களுக்கு 104, அவசர ஊர்திக்கு 108.